ஃபார்மேட்டுக்கு முன்

அப்டேட்டில் சிக்கிச் சுழலும் லேப்டாப்பைக் கையில் எடுக்கும் புதியவர்களுக்கு

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் அப்டேட்டை வெளியிடும். 2003 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. அவர்களுக்குக் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை; குளிர்காலத்தில் பதினொன்றரை. மறுநாளிலிருந்து சர்வீஸ் கடைக் கவுன்ட்டரில் ஒரே பாட்டுத்தான்: "அப்டேட் ஆச்சுங்க. அதுக்கப்புறம் ஆன் ஆகுது, ஆஃப் ஆகுது, மறுபடி ஆன் ஆகுது. உள்ளேயே போக மாட்டேங்குது."

கூரையைப் பிரித்து ஓடு மாற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் மழை பிடித்துக்கொண்ட வீட்டின் நிலைதான் அந்த மெஷினுக்கு. பழைய கோப்புகள் பாதி போய்விட்டன, புதியவை பாதிதான் வந்திருக்கின்றன. நம் கடைகளில் இதற்கு உடனே சொல்லும் வைத்தியம், "ஓ.எஸ். அடிச்சிடலாம்." அரை மணி நேர வேலை, கைக்குப் பழகிய வேலை. அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இதை எழுதுகிறேன். தம்பிகளும் தங்கச்சிகளும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: செய்யப்போகும் காரியத்தைத் திரும்ப மாற்ற முடியுமா? முடியும் என்றால் முதலில் செய். முடியாது என்றால் கடைசியில் செய். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒன்றின் விரிவு.

1. முதலில் கேள், பிறகு தொடு.

லேப்டாப்பைத் திறக்காமலே உரிமையாளரிடம் பேசு. கடைசியாகத் திரையில் என்ன இருந்தது? எத்தனை சதவீதத்தில் நின்றது? அப்போது சார்ஜர் போட்டிருந்ததா, நடுவில் கரண்ட் போனதா? பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்தினாரா? இதற்கு முன் வேறு யாராவது கை வைத்தார்களா? கடைசிக் கேள்விக்கு "யாரும் பார்க்கலைங்க" என்றுதான் பதில் வரும். அடிப்பக்க ஸ்க்ரூவில் ஒன்று குறைந்திருந்தால் அந்தப் பதிலை நம்பாதே. அதற்காக வாக்குவாதமும் வேண்டாம். ஜாப் ஷீட்டில் குறித்துக்கொள்.

இன்னொரு கேள்வி கட்டாயம்: "இதுல இருக்கிறதுல வேற எங்கேயும் இல்லாதது எது?" "சும்மா படம் பார்ப்போம், அவ்வளவுதான்" என்பவரின் டெஸ்க்டாப்பில்தான் கடையின் மூன்று வருடக் கணக்கு கிடக்கும். யோசிக்க நேரம் கொடு. வீட்டில் கேட்டுச் சொல்லச் சொல். பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கு.

2. சுழல்கிறதா, மெதுவாக நடக்கிறதா என்று பார்.

பெரிய அப்டேட் என்றால் மெஷின் தானாகவே சில முறை ரீஸ்டார்ட் ஆகும். அது நோய் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க், நான்கு ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப்பில் அந்த வேலைக்கு மணிக்கணக்கில் ஆகும். "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், அணைக்க வேண்டாம்" என்ற வரி வந்தால் விண்டோஸ் தன் காயத்தைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்துகிறவன்தான் சின்னக் கோளாறைப் பெரிதாக்குகிறான்.

டிஸ்க் விளக்கு உள்ள மாடல் என்றால் அதைப் பார். விட்டுவிட்டு மினுக்கினால் வேலை நடக்கிறது. விளக்கு இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க் பக்கம் காதை வை. சார்ஜரைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார். இரண்டு மூன்று மணி நேரம் சதவீதமும் அசையவில்லை, டிஸ்க்கிலும் அசைவில்லை, அல்லது ஒரே இடத்துக்கு வந்து வந்து திரும்புகிறது என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போ.

3. எந்த இடத்தில் திரும்புகிறது?

கம்பெனி லோகோ வரும்போதே அணைகிறதா? லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கிய பிறகா? பாஸ்வேர்ட் கேட்கும் திரை வரை வந்துவிட்டா? இந்த மூன்றும் மூன்று வேறு கதைகள். கடைசி வகையில் விண்டோஸின் அடித்தளம் நன்றாக இருக்கிறது. ஏதோ ஒரு டிரைவரோ புரோகிராமோதான் கீழே தள்ளுகிறது. முதல் வகையில் விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை.

பென் டிரைவ், மெமரி கார்டு, மவுஸ் டாங்கிள், பிரிண்டர் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கு. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு ஆன் செய். அடுத்து பயாஸுக்குள் போ. டெல்லில் எஃப் 2, எச்.பி.யில் எஃப் 10, லெனோவா ஐடியாபேடில் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு இருக்கும் நோவோ பட்டன். உள்ளே எதையும் மாற்றாமல் கால் மணி நேரம் அப்படியே விடு. பயாஸ் திரையிலேயே மெஷின் அணைந்து எழுந்தால் அப்டேட்டின் மேல் பழி இல்லை. சூடு, மதர்போர்டு, சார்ஜர், அமுங்கிப்போன பவர் பட்டன் என்று வேறு பக்கம் தேடு. அங்கே அசையாமல் நின்றால் ஓ.எஸ்., டிஸ்க் பக்கம் வா. காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பாதிப் பேர் செய்வதே இல்லை.

4. டிஸ்க்கின் உடம்பைச் சோதி.

அப்டேட் என்பது டிஸ்க்கில் பல ஜி.பி. எழுதி அழிக்கும் வேலை. ஏற்கனவே தள்ளாடும் டிஸ்க் அந்தப் பாரத்தில்தான் விழும். உரிமையாளர் "அப்டேட்டால போச்சு" என்பார். உண்மையில் அப்டேட் அதை வெளியே காட்டிக்கொடுத்திருக்கும். எச்.பி.யில் எஃப் 2, டெல்லில் எஃப் 12 அழுத்தினால் வரும் பரிசோதனைத் திரையில் டிஸ்க்கையும் ரேமையும் ஓட்டிப் பார்.

டிஸ்க் தேறாது என்று தெரிந்தால் அதன்மேல் செக் டிஸ்க்கை ஓட்டாதே. மோசமான செக்டர்களைத் தேடித் தேடிப் படிக்கும் வேலை, சாகிற டிஸ்க்கின் கடைசி மூச்சையும் வாங்கிவிடும். முதலில் இன்னொரு டிஸ்க்குக்குக் குளோன் எடு. மிச்ச ரிப்பேர் எல்லாம் குளோனில்.

5. பூட்டு இருக்கிறதா என்று தெரிந்துகொள்.

இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2024ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. பூட்டியிருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. ரிப்பேருக்காக நீ பயாஸில் "செக்யூர் பூட்" வசதியை அணைத்தாலோ, டி.பி.எம். சிப்பை அழித்தாலோ, பயாஸ் அப்டேட் போட்டாலோ பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் திரை வந்து 48 இலக்க எண் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் டேட்டா இல்லை. குறுக்கு வழி எதுவும் கிடையாது. உண்டு என்று சொல்கிறவனுக்குக் காசு கொடுக்காதே.

சில நேரம் அப்டேட்டே இந்தத் திரையைக் கொண்டுவந்துவிடும். 2024 ஜூலை அப்டேட்டிலும், 2025 மே மாதம் விண்டோஸ் 10க்கு வந்த அப்டேட்டிலும் சில மெஷின்களில் அப்படி நடந்தது. இரண்டுக்கும் பிறகு மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது.

ஆகவே பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன் எண்ணைத் தேடச் சொல். உரிமையாளர் தன் போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் அங்கே இருக்கும். திரையில் காட்டும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் உள்ள குறியும் ஒத்துப்போகின்றனவா என்று பார். ஆபீஸ் லேப்டாப் என்றால் அவர்கள் ஐ.டி. ஆளிடம் கேட்க வேண்டும். சிக்கல் எங்கே வரும் தெரியுமா? லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையனே ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி லாகின் செய்து கொடுத்திருப்பான். அந்த முகவரி யாருக்கும் நினைவிருக்காது. பில் கவர், பழைய போன், வாரண்டிக் குறுஞ்செய்தி என்று பொறுமையாகத் தேட வை. எத்தனையோ பேருக்கு அங்கேதான் வழி கிடைத்திருக்கிறது.

6. ரிகவரி திரைக்குள் போகும் வழி பழகு.

விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை எழ முடியாமல் விழுந்தால் அடுத்த முறை தானாகவே ரிகவரி திரையைத் திறக்கும். திறக்கவில்லையென்றால் நீ திறக்க வைக்கலாம். புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணை. இப்படி இரண்டு முறை செய்து மூன்றாம் முறை விட்டுவிடு. அப்டேட் சதவீதம் ஓடும் திரையில் மட்டும் இதைச் செய்யாதே. அதுவும் பலிக்கவில்லையென்றால் எட்டு ஜி.பி. பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, "இன்ஸ்டால்" என்பதை விட்டு "ரிப்பேர்" என்பதைத் தேர்ந்தெடு. அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால் இதற்கென்றே தனியாக ஒன்றை வைத்துக்கொள்.

ரிகவரி திரையில் மவுஸும் கீபோர்டும் அசையவில்லை என்றால் உடனே மதர்போர்டைச் சந்தேகப்படாதே. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட், ரிகவரி திரைக்குள் யு.எஸ்.பி. மவுஸையும் கீபோர்டையும் செயலிழக்கச் செய்தது. ஆறே நாளில் அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். பல லேப்டாப்புகளின் சொந்தக் கீபோர்டு உள்ளே யு.எஸ்.பி. வழியாகப் போவதில்லை. அதைத் தட்டிப் பார்.

7. கை வைக்கும் முன் டேட்டாவை வெளியே எடு.

இதுதான் இந்த வேலையின் இதயம். ரிகவரி திரையில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று அடி. நோட்பேட் திறக்கும். அதன் ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொல். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே கோப்புறையை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். காப்பி ஓடும்போது சதவீதம் எதுவும் காட்டாது. தொங்கிவிட்டதோ என்று பயந்து அணைக்காதே. நிறைய இருந்தால் உபுண்டு போட்ட பென் டிரைவில் பூட் செய்து எடு. டிஸ்க்கை எழுத முடியாமல் படிக்க மட்டும் திறந்தால் அதுவே போதும், அதுவே நல்லது.

எதை எடுப்பது? டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று நின்றுவிடாதே. நம் ஆட்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் போட்டு வைப்பார்கள். டாலி டேட்டா பப்ளிக் கோப்புறைக்குள்ளோ டாலி இருக்கும் கோப்புறையிலோ வெறும் எண் பெயரில் இருக்கும், கண்ணில் படாது. அவுட்லுக் மெயில் கோப்பு வேறு இடம்.

தமிழில் டி.டி.பி. செய்கிறவர், அச்சகக்காரர், பழைய வக்கீல் குமாஸ்தா என்றால் இன்னொன்றும் உண்டு. பாமினி போன்ற யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். அவை விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருக்கும். யூசர் தனக்கு மட்டும் என்று ஏற்றியிருந்தால் அவருடைய ஆப்டேட்டா கோப்புறைக்குள் இன்னொரு ஃபான்ட்ஸ் இருக்கும். கோப்புகளை எல்லாம் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு இவற்றை விட்டுவிட்டால், திரும்பத் திறக்கும்போது தமிழ் என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள் அத்தனையும் அப்படித்தான். டேட்டா போகவில்லை, ஆனால் படிக்க ஆளில்லை.

எடுத்த பிறகு நான்கு கோப்புகளை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார். காப்பி ஆனதும் திறப்பதும் ஒன்றல்ல.

8. எடுக்கத்தான் அனுமதி, பார்க்க அல்ல.

திறந்து பார் என்றது உரிமையாளரின் எதிரில், அவர் காட்டும் கோப்பை. படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பது, பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாம் திருட்டுக்குச் சமம். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டாதே. கடை டிஸ்க்கில் எடுத்த காப்பியை, எல்லாம் சரியென்று அவர் கையெழுத்துப் போட்டதும் அவர் கண் முன்னாலேயே அழி. நம்மிடம் மெஷின் கொடுக்கிறவர் வீட்டுச் சாவியையே கொடுக்கிறார் என்று இந்தத் தொழிலில் சொல்வதில் மிகை இல்லை.

9. சிறியதிலிருந்து பெரியதுக்குப் போ.

டேட்டா கையில் வந்துவிட்டது. இனி வரிசை இது. முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். ஒரு முறை ஓட்டு. பலிக்கவில்லையென்றால் அதையே ஐந்து முறை ஓட்டிப் பயனில்லை. அடுத்து "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". அதில் இரண்டு இருக்கும்: மாதாமாதம் வரும் குவாலிட்டி அப்டேட், பதிப்பையே மாற்றும் ஃபீச்சர் அப்டேட். எது கடைசியாக வந்ததோ அதை எடு. ஃபீச்சர் அப்டேட்டைத் திரும்ப எடுக்க வழக்கமாகப் பத்து நாள்தான் கெடு. அப்டேட்டால் வந்த சுழலில் பெரும்பகுதி இந்தப் படியிலேயே நின்றுவிடும்.

அடுத்து சேஃப் மோட். அதில் எழுந்தால் புதிதாக வந்த டிரைவரையோ ஆன்டிவைரஸையோ நீக்கிப் பார். பிறகு சிஸ்டம் ரீஸ்டோர். சொந்தக் கோப்புகளைத் தொடாது, ஆனால் பல மெஷின்களில் அது முதலிலிருந்தே அணைந்து கிடக்கும். 2025க்குப் பிறகு அப்டேட் ஆன விண்டோஸ் 11ல் ரிகவரி திரையே இன்டர்நெட்டில் போய்த் திருத்தம் தேடும் வசதியும் வந்திருக்கிறது. வைஃபை கேட்டால் கொடு.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் செய். செய்ததை எழுது. மூன்றைச் சேர்த்துச் செய்து மெஷின் எழுந்துவிட்டால் எது குணமாக்கியது என்று உனக்கே தெரியாது. அடுத்த வாரம் அதே நோய் வரும்போது மறுபடி அ, ஆ.

10. வந்து போகும் எழுத்தைப் படி.

கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு திரை வந்து போகும். முன்பு நீலம், 2025ல் விண்டோஸ் 11ல் அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள். அதில்தான் நோயின் பெயர் இருக்கிறது. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் எண் 9, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும். அப்போது எழுத்து நிற்கும். போனில் படம் எடு. "பூட் டிவைஸை அணுக முடியவில்லை" என்று இருந்தால் ஸ்டோரேஜ் டிரைவர் உடைந்திருக்கலாம். பயாஸ் பேட்டரி இறந்து செட்டிங்ஸ் பழையபடி திரும்பியதில் ஸ்டோரேஜ் மோட் மாறியிருக்கவும் கூடும். பழைய மோடுக்கு மாற்றினாலே எழுந்துவிடும். ஃபார்மேட் அடித்திருந்தால் எத்தனை வீண்!

அப்டேட் என்றவுடன் மைக்ரோசாஃப்டையே நினைக்காதே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான கோப்பு, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களைச் சுழல வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய், அந்த நிறுவனத்தின் கோப்புறையில் 291 என்ற எண் தாங்கிய கோப்பை அழிப்பது. அவ்வளவுதான். அந்தக் கோளாறுக்கு ஃபார்மேட் தேவைப்படவில்லை. தாமதமானது வேறு காரணத்தால்: மெஷின் ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது, பல இடங்களில் அந்த 48 இலக்க எண்ணையும் தேட வேண்டியிருந்தது.

11. கட்டளை அடிக்கும் முன் எந்த டிரைவ் என்று பார்.

ரிகவரி திரைக்குள் டிரைவ் எழுத்துகள் இடம் மாறும். வழக்கமாக சி ஆக இருப்பது அங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கும். டிஸ்க்பார்ட்டில் வால்யூம் பட்டியலை எடுத்து, எந்த எழுத்தின் கீழ் விண்டோஸ் கோப்புறை இருக்கிறது என்று உறுதி செய். அதே டிஸ்க்பார்ட்டில் "கிளீன்" என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு சொல், ஒரு என்டர், டிஸ்க் காலி. பட்டியலைப் பார்த்ததும் வெளியே வந்துவிடு.

அப்டேட் பாதியில் நின்ற மெஷினுக்குப் பொருத்தமான கட்டளை, டிஸம் கொண்டு நிலுவையில் உள்ள மாற்றங்களைத் திரும்பப் பெறுவது. அதன்பின் எஸ்.எஃப்.சி.யை வெளியிலிருந்து அந்த விண்டோஸ் கோப்புறையைக் காட்டி ஓட்டலாம். வீடியோவில் பார்த்துப் பூட்ரெக் கட்டளைகளை வரிசையாக அடிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு. எம்.பி.ஆர். சரிசெய்யும் கட்டளை பழைய முறை டிஸ்க்குக்கானது, இன்றைய யு.இ.எஃப்.ஐ. லேப்டாப்பில் அதனால் பயனில்லை. அங்கே பூட் கோப்புகளைப் புதிதாக எழுதுவது பி.சி.டி.பூட். ஒரு கட்டளை என்ன செய்யும் என்று உன் வாயால் சொல்ல முடியவில்லையென்றால் என்டர் தட்டாதே.

12. ரீசெட்டும் ஃபார்மேட்டும் கடைசிப் படி.

எதுவும் பலிக்கவில்லையா? இப்போது ரீசெட். "கீப் மை ஃபைல்ஸ்" என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதே. யூசர் கோப்புறையில் உள்ளவை இருக்கும். ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும். அதுவும் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்ட் அப்டேட் சில பதிப்புகளில் இந்த ரீசெட்டையே கெடுத்தது. தனித் திருத்தம் வந்த பிறகுதான் சரியானது.

புதிதாகவே போடுவது என்று முடிவெடுத்தால் உரிமையாளரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கு. பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அதன்மேலேயே போட்டால் பழையதெல்லாம் விண்டோஸ் ஓல்ட் என்ற கோப்புறையில் தங்கும்; அது உனக்கு இன்னொரு பிடி. லைசன்ஸ் மதர்போர்டோடு கட்டியிருப்பதால் கீ தேவையில்லை, ஆனால் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. கூடவே வந்த எம்.எஸ். ஆபீஸ் எந்தக் கணக்கில் பதிவானது என்றும் முன்பே கேள். இன்டெல் பதினொன்றாம் தலைமுறையிலிருந்து வரும் மெஷின்களில் இன்ஸ்டால் திரையில் எஸ்.எஸ்.டி.யே தெரியாமல் போகலாம். டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிடாதே, வி.எம்.டி. டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக் கொடுத்தால் தெரியும்.

கிராக் விண்டோஸ் போடாதே. சிஸ்டம் கோப்புகளில் கை வைத்த ஆக்டிவேட்டர்கள் அடுத்த அப்டேட்டில் அதே சுழலைக் கொண்டுவரும். இன்று இருநூறு ரூபாய் மிச்சம், நாளை உன் கடைப் பெயர்.

13. எழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே.

நீ நீக்கிய அப்டேட் மறுநாள் திரும்ப வரும். கோளாறு வந்த காரணம் அப்படியே இருந்தால் மெஷின் மறுபடி விழும். முதலில் அப்டேட்டை ஒரு வாரம் பாஸ் செய். பிறகு காரணத்தைத் தேடு. சி டிரைவ் நிரம்பி வழிகிறதா? குறைந்தது இருபது ஜி.பி. காலி செய். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறதா, ரிகவரி பார்ட்டிஷன் சிறியதா? 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஓர் அப்டேட், ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலி இடம் இல்லாததாலேயே ஏராளமான மெஷின்களில் ஏற மறுத்தது. பேட்டரி செத்து, சார்ஜரில் மட்டும் ஓடும் லேப்டாப்பா? அப்படியானால் கரண்ட் கட்தான் உன் எதிரி. பேட்டரி மாற்றச் சொல். பயாஸையும் டிரைவர்களையும் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து ஏற்று. அதன்பின் அதே அப்டேட்டை உன் மேஜையிலேயே, உன் கண் முன்னால் ஏற்றி, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துக் கொடு.

"இந்தச் சனியனே வேணாம், அப்டேட்டை நிரந்தரமா ஆஃப் பண்ணிடுங்க" என்பார்கள். செய்யாதே. நெட் பேங்கிங் நடக்கும் மெஷினில் அது கதவைத் திறந்து போடுவது. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது என்பதையும் எடுத்துச் சொல். நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டுமா, 11க்குப் போக வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

14. தெரியாததைத் திருப்பிக் கொடு, தெரிந்ததற்குக் கூலி கேள்.

குவாலிட்டி அப்டேட்டை நீக்கிப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிட்டாய் என்று வை. "மதர்போர்டு வேலை" என்று பில் போடாதே. அதே நேரம் பத்து நிமிடம்தானே என்று இலவசமாகவும் கொடுக்காதே. டேட்டா எடுத்ததற்குத் தனிக் கூலி, ரிப்பேருக்குத் தனிக் கூலி என்று முன்கூட்டியே சொல்லிவிடு. டேட்டாவுக்கான கூலி ஃபார்மேட் கூலியைவிட அதிகமாக இருக்கட்டும். அவசரத்துக்கு ஃபார்மேட் அடிக்கும் ஆசை உனக்கும் குறையும், அடித்துத் தரச் சொல்லும் ஆசை அவருக்கும் குறையும்.

டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுகிறது, உள்ளே ஒரே ஒரு பிரதியாக யாருடையதோ ஆய்வேடு என்றால் "இது என்னால ஆகாது, டேட்டா ரிகவரி லேபுக்குக் கொண்டு போங்க" என்று சொல். சொல்லும்போது கூச்சப்படாதே. தொடாமல் திருப்பிக் கொடுத்த மெஷினை அடுத்தவர் மீட்க முடியும். நீ முயன்று பார்த்துக் கெடுத்ததை யாராலும் மீட்க முடியாது. சரிசெய்த மெஷினைக் கொடுத்து அனுப்பும்போது மூன்று பொருள் அவர் கையில் இருக்கட்டும்: எழுந்து நிற்கும் லேப்டாப், காகிதத்தில் எழுதிய அந்த 48 இலக்க எண், மாதம் ஒரு முறையாவது காப்பி எடுக்க ஒரு வெளி டிஸ்க். டிஸ்க்கை உன் கடையிலேயே விற்றால் அது உனக்கும் வியாபாரம்.